கொங்குப் பக்கம் முதன்முதலாக வாடகை ஃபிளாட்டுக்குக் குடிபோகிறவர்களுக்கு: அட்வான்ஸ் கொடுக்கும் முன்னும் பின்னும்

முதல்முறை வீடு பார்க்கப் போகிறவர்களின் கண் புது டைல்ஸிலும் பால்கனியிலும்தான் நிற்கும். குடிபோன பிறகு தூக்கத்தைக் கெடுப்பவை வேறு: தண்ணீர், கரண்ட் பில், திரும்பி வராத அட்வான்ஸ். இவை மூன்றும் பணம் கைமாறுவதற்கு முன்னால் கேட்டால் பேசித் தீர்க்கக்கூடியவை. பிறகு கேட்டால், "மொதல்லயே கேட்டிருக்கலாமுங்களே" என்ற பதில்தான் கிடைக்கும். அதனால் கீழே உள்ள வேலைகளில் பெரும்பாதியை அட்வான்ஸ் கொடுக்கும் நாளுக்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

கையில் எவ்வளவு இருக்க வேண்டும்

மாத வாடகை 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து மாத அட்வான்ஸ் 60,000. புரோக்கர் வழியாகப் போனால் ஒரு மாத வாடகை கமிஷன், 12,000. முதல் மாத வாடகை இன்னொரு 12,000. மெயின்டனன்ஸ் 1,500. ஆக 85,500. சாமான் ஏற்றும் வண்டி, ஏற்றி இறக்கும் கூலி, பூட்டு, கேஸ் டியூப், பக்கெட், திரைச்சீலைக் கம்பி என்று சில்லறைச் செலவுக்கு 10,000 முதல் 15,000 வரை தனியாக வையுங்கள். 12,000 ரூபாய் வீட்டுக்குக் கையில் ஒரு லட்சம் வேண்டும் என்பதுதான் கணக்கு. முதல் வேலையில் சேர்ந்தவர்கள் வாடகையை மட்டும் சம்பளத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

புரோக்கர் கமிஷன் யார் தருவது, எப்போது தருவது என்பதை வீடு பார்க்கக் கிளம்பும் முன்பே பேசிவிடுங்கள். அக்ரிமென்ட்டில் கையெழுத்தான பிறகுதான் கமிஷன் என்பது நியாயமான பேச்சு. வீடு காட்டுவதற்கே முன்பணம் கேட்பவரிடம் போக வேண்டாம். இணையத்தில் படம் மட்டும் போட்டு, "நான் வெளியூர்ல இருக்கேன், டோக்கன் அனுப்புங்க, சாவி கொரியர்ல வரும்" என்பவர்கள் யாராக இருந்தாலும் மோசடி என்றே எடுத்துக்கொள்ளலாம்.

எந்த மாதம் தேடுவது

ஏப்ரல், மே மாதங்களில் பள்ளி மாற்றம், வேலை மாற்றம் இரண்டும் சேர்ந்துகொள்ளும். பீளமேடு, சரவணம்பட்டி, காளப்பட்டி பக்கம் டு-லெட் பலகை மாட்டிய அன்றே வீடு போய்விடும், பேரம் நடக்காது. ஆடியில் நிலைமை தலைகீழ். ஆடியிலும் மார்கழியிலும் குடிபோக நம் பக்கம் பெரும்பாலோர் சம்மதிக்க மாட்டார்கள். ஆனிக் கடைசியில் காலியான வீடு ஆவணி வரை சும்மா கிடக்கும் என்று வீட்டுக்காரருக்கும் தெரியும். அப்போது போய், "இப்பவே அட்வான்ஸ் குடுத்தர்றோம், ஆவணி முதல் தேதி குடிவர்றோம், ஆடிக்கு வாடகை வேண்டாமுங்க" என்று கேட்கலாம். முழுவதும் விட்டுத்தராவிட்டாலும் பாதிக்கு இறங்கி வருவார். மாதம் பார்க்கும் பழக்கம் உங்களுக்கு இல்லையென்றால் இன்னும் நல்லது, ஆடியிலேயே குடிபோய் மாத வாடகையில் 500 குறைத்துக் கேளுங்கள்.

பேச்சலரா, ஃபேமிலியா, அசைவம் சமைப்பீர்களா, சொந்த ஊர் எது என்ற கேள்விகள் கட்டாயம் வரும். கடைசிக் கேள்வி எதற்காகக் கேட்கப்படுகிறது என்பது ஊரறிந்த விஷயம். அந்த இடத்தில் கோபப்பட்டோ பொய் சொல்லியோ பயனில்லை. அசைவம் சமைப்பதை மறைத்துக் குடிபோனால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு வாழ வேண்டிவரும். உள்ளதைச் சொல்லி, ஒத்துவராத வீட்டை விட்டுவிடுங்கள்.

ஒரே வீட்டை இரண்டு வேளை பாருங்கள்

பகல் பதினொரு மணிக்குப் பார்த்தால் எல்லா வீடும் நல்ல வீடுதான். இரண்டாவது முறை பொழுது சாய்ந்து ஏழு, எட்டு மணிக்குப் போங்கள். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள ஃபிளாட் என்றால் மேற்குச் சுவரில் கை வைத்துப் பாருங்கள். கான்கிரீட் தளம் பகலில் வாங்கிய சூட்டை இரவு பத்து மணி வரை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். கோவையில் எப்படியோ சமாளித்துவிடலாம். ஈரோடு, கரூர், சேலத்தில் சித்திரை வைகாசியில் அந்த அறையில் ஏ.சி. இல்லாமல் படுக்க முடியாது. மாடித் தளத்துக்கு வெள்ளைச் சூடுதடுப்புப் பெயின்ட் அடித்திருக்கிறார்களா என்று கேட்டுவிட்டு, மேலே ஏறியும் பார்த்துவிடுங்கள்.

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேற்கிலிருந்து அடிக்கும். கோவை, பொள்ளாச்சிப் பக்கம் மேற்கு ஜன்னலுக்குக் கொக்கி சரியாக இல்லையென்றால் கதவு அடித்துக் கண்ணாடி உடையும், சாரல் கட்டில் வரை வரும். கொக்கி, தாழ்ப்பாள், ஜன்னலுக்கு மேலே சன்ஷேட் ஆகியவற்றைக் கவனியுங்கள். காற்றே வராத வீட்டைவிட இந்தத் தொந்தரவு மேல் என்பது எங்கள் கட்சி.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கணபதி, ஆவாரம்பாளையம் சந்துகளில் லேத் பட்டறைகள் அன்று மூடியிருக்கும். திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கும் அன்றுதான் லீவு. திங்கட்கிழமை வந்து பார்த்தால் கீழ்த்தளத்திலேயே காஜா பட்டன் மெஷின் ஓடும். சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறிக்கு இரவு பகல் கிடையாது. தறிச் சத்தம் காதுக்குப் பழகிவிடும் என்பார்கள். பிறந்ததிலிருந்து கேட்டவர்களுக்குப் பழகும், மற்றவர்களுக்குப் பல மாதம் பிடிக்கும்.

தண்ணீர்: இங்கேதான் நிறையக் கேட்க வேண்டும்

"தண்ணி எப்படிங்க?" என்று கேட்டால், "தண்ணிக்குப் பஞ்சமே இல்லீங்க" என்று பதில் வரும். கேள்வி தப்பு. இப்படிப் பிரித்துக் கேளுங்கள்: நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்கா வருது? எத்தனை மணி நேரம் விடறாங்க? சமையலறைக் குழாய்க்கு நல்ல தண்ணி தனி லைனில் வருதா, இல்லை சம்ப்பில் (தரைக்கடித் தொட்டியில்) போர் தண்ணியோடு கலந்து மேலே ஏறுதா? போர் எத்தனை அடி, போன கோடையில் லாரித் தண்ணி வாங்கினீங்களா, வாங்கினால் பணம் யார் கொடுத்தது?

இதே கேள்விகளை வீட்டுக்காரரிடம் மட்டுமல்லாமல், எதிர் ஃபிளாட்டில் குடியிருக்கும் அக்காவிடமும் வாட்ச்மேனிடமும் கேளுங்கள். மூன்று பதிலும் ஒத்துப்போனால்தான் நம்பலாம்.

பிறகு சம்ப்பின் அளவைக் கேட்டு ஒரு கணக்குப் போடுங்கள். நகரக் குடிநீர்த் திட்டங்களில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று வைப்பார்கள். எட்டு ஃபிளாட், வீட்டுக்கு மூன்று பேர் என்றால் நாளைக்கு 3,240 லிட்டர். நான்கு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் விடும் தெருவில் இது ஏறத்தாழ 13,000 லிட்டர். சம்ப் 6,000 லிட்டர்தான் என்றால் மீதி முழுக்கப் போர் தண்ணீர். போர் வறண்டால் லாரி. அந்தச் செலவு மெயின்டனன்ஸில் அடங்குமா, தனியாகப் பிரிப்பார்களா என்பது அடுத்த கேள்வி.

கோவை மாநகரில் எந்தத் திட்டத் தண்ணீர் என்பதைக் கேட்டு வையுங்கள். சிறுவாணி, பில்லூர் இரண்டுமே மலையிலிருந்து வருவது, உப்பு குறைவு. இந்தத் தண்ணீர் மட்டும் வரும் குழாய்க்கு ஆர்.ஓ. மெஷின் தேவையில்லை; ஃபில்டரோடு கூடிய யு.வி. (புற ஊதாக் கதிரால் கிருமியைக் கொல்லும் மெஷின்) போதும், அல்லது காய்ச்சிக் குடிக்கலாம். ஆர்.ஓ. வாங்கினால் ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று லிட்டர் வெளியே போகும். சிறுவாணித் தண்ணீரை அப்படிச் சாக்கடையில் விடுவதைப் பார்த்தால் பழைய கோயமுத்தூர்க்காரர்களுக்கு வயிறெரியும்.

திருப்பூர் கதை வேறு. சாயப்பட்டறைக் கழிவால் நொய்யலும் கரையோர நிலத்தடி நீரும் கெட்டு, 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளையே மூடச் சொன்னது. இப்போது சுத்திகரிப்பு நடக்கிறது, இருந்தாலும் அங்கே போர் தண்ணீரை அளக்காமல் வாயில் வைக்காதீர்கள். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். பேனா சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கிறது. வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை. ஆனால் பேனா உப்பின் அளவை மட்டுமே காட்டும். கிருமியும் சாயமும் அதில் தெரியாது.

பேனா இல்லையென்றாலும் பாத்ரூமே சொல்லிவிடும். குழாய் மூக்கில் வெள்ளைப் பொருக்கு, ஷவரில் பாதி ஓட்டை அடைப்பு, கறுப்பு டைல்ஸில் துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு. இவை இருந்தால் கடும் உப்புத் தண்ணீர். ஹீட்டர் காயிலில் சுண்ணாம்பு படிந்து கரண்டை இழுக்கும், வாஷிங் மெஷினும் சீக்கிரம் படுக்கும். அந்த வீட்டையே எடுப்பதாக இருந்தால் ஹீட்டரை 50, 55 டிகிரிக்கு மேல் வைக்காதீர்கள். சூடு ஏற ஏறப் படிவு கூடும். குழாய் மூக்கில் உள்ள சல்லடையைக் கழற்றி இரவு முழுக்க வினிகரில் ஊறவைத்தால் அடைப்பு விடும்.

குடிக்க, சமைக்க மூன்று பேருக்கு நாளைக்கு ஒரு 20 லிட்டர் கேன் ஆகும். கேன் 40 ரூபாய் என்றாலும் மாதம் 1,200. இரண்டு வீட்டு வாடகையை ஒப்பிடும்போது கேன் தண்ணீர் வீட்டோடு இதையும் கூட்டிப் பாருங்கள். 12,000 ரூபாய் வீடு 13,200 ஆகிவிடும்.

கடைசியாக வேகம். 20 லிட்டர் பக்கெட்டைக் குழாயடியில் வைத்துக் கைபேசியில் நேரம் பாருங்கள். இரண்டு நிமிடத்துக்குள் நிறைந்தால் நன்று, நான்கைத் தாண்டினால் காலை அவசரத்தில் அவதி. மேல்மாடி ஃபிளாட்டில் வேகம் குறைவாக இருப்பது இயற்கை. தண்ணீர்த் தொட்டி உங்கள் தலைக்கு இரண்டு மூன்று மீட்டர் உயரத்தில்தான் இருக்கும், அந்த உயரத்துக்கு ஷவர் பீச்சாது. பூஸ்டர் பம்ப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

மீட்டர்

உங்கள் ஃபிளாட்டுக்குத் தனி ஈ.பி. சர்வீஸ் உண்டா, அல்லது வீட்டுக்காரர் சர்வீஸிலிருந்து சப்-மீட்டரா? தனி சர்வீஸ் என்றால் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அடுத்த 100 யூனிட்டுக்கும் கட்டணம் குறைவு, ஆகவே 200 யூனிட் செலவழிக்கும் வீட்டுக்கு பில் 300 ரூபாய்க்குள் முடிந்துவிடும். சப்-மீட்டரில் யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வாங்கினால் அதே 200 யூனிட்டுக்கு 1,600. இதுவும் மறைந்திருக்கும் வாடகைதான். ஏ.சி. வைத்திருப்பவர்கள் கவனிக்க: இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் அந்தக் குறைந்த கட்டணப் படி போய்விடும். 495-க்கும் 505-க்கும் உள்ள வித்தியாசம் வெறும் பத்து யூனிட் காசு இல்லை.

மீட்டர் பெட்டியில் உங்கள் சர்வீஸ் எண் எழுதியிருக்கும். அதைக் குறித்துக்கொண்டு மின்வாரிய இணையதளத்தில் போட்டால் யார் பெயரில் இருக்கிறது, பாக்கி உண்டா என்பது தெரியும். முந்தைய குடித்தனக்காரர் விட்டுப்போன பாக்கி உங்கள் தலையில் விழக் கூடாது.

இன்னொரு சோதனைக்கு ஒரு நிமிடம் போதும். உங்கள் வீட்டு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மீட்டரைப் பாருங்கள். சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தால், மாடிப்படி விளக்கோ பொது மோட்டாரோ பக்கத்து வீடோ உங்கள் மீட்டரில் ஓடுகிறது. பழைய கட்டடத்தைப் பிரித்து ஃபிளாட் ஆக்கிய இடங்களில் இது அடிக்கடி நடக்கும், பெரும்பாலும் வீட்டுக்காரருக்கே தெரிந்திருக்காது.

வீட்டுக்குள்ளே மெயின் பெட்டியில் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானே அணையும் சுவிட்ச்) இருக்கிறதா என்று பாருங்கள். அதன் டெஸ்ட் பொத்தானை அமுக்கினால் உடனே டிரிப் ஆக வேண்டும். ஆகவில்லையென்றால் ஷாக் அடித்தாலும் அது காப்பாற்றாது. ஹீட்டர், ஏ.சி. இருக்கும் இடங்களில் 16 ஆம்பியர் பாயின்ட் வேண்டும். சின்ன பாயின்ட்டில் அடாப்டர் போட்டு ஹீட்டர் ஓட்டுவதுதான் சுவிட்ச் போர்டு கருகுவதற்கு முதல் காரணம். கிரைண்டர் வைக்கும் மேடைக்குப் பக்கத்தில் பாயின்ட் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள், கிரைண்டருக்குப் பேர்போன ஊரிலேயே அதை மறந்துவிட்டுக் கட்டுகிறார்கள்.

மற்றவை, சுருக்கமாக

பாத்ரூம் தரையில் ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றுங்கள். மூலையில் தேங்கினால் வாட்டம் சரியில்லை. வடிகால் ஜாலியிலிருந்து நாற்றம் வந்தால் உள்ளே டிராப்பில் (நாற்றத்தைத் தடுக்கத் தண்ணீர் நிற்கும் வளைவில்) தண்ணீர் வற்றியிருக்கலாம். இரண்டு மக் ஊற்றிப் பத்து நிமிடம் கழித்தும் வந்தால் டிராப்பே இல்லை, கரப்பான் நிச்சயம். பாத்ரூமுக்குப் பின்பக்கச் சுவரை, அதாவது படுக்கையறைப் பக்கம், தடவிப் பாருங்கள். பெயின்ட் உப்பியோ வெள்ளையாகப் பூத்தோ இருந்தால் குழாய் கசிகிறது. புதுப் பெயின்ட் அந்த ஒரு சுவரில் மட்டும் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

கதவைச் சாத்தி உள்ளே நின்று போனில் பேசிப் பாருங்கள். எந்த பிராட்பேண்ட் கம்பெனியின் கேபிள் கட்டடத்துக்குள் வந்திருக்கிறது என்று வாட்ச்மேனைக் கேளுங்கள். வண்டி நிறுத்த உங்களுக்கென்று இடம் எது என்று கைகாட்டச் சொல்லுங்கள். "எங்க வேணா நிறுத்திக்கலாமுங்க" என்றால் இடமில்லை என்று பொருள்.

யாரிடம் பணம் கொடுக்கிறோம்

சொத்து வரி ரசீதில் உள்ள பெயரும், ஈ.பி. பில்லில் உள்ள பெயரும், எதிரில் நிற்பவரின் அடையாள அட்டையும் ஒத்துப்போக வேண்டும். அப்பா பெயரில் வீடு, மகன் பேசுகிறார் என்பது சாதாரணம்தான். அப்படியென்றால் அக்ரிமென்ட்டில் அப்பா கையெழுத்துப் போட வேண்டும். வீட்டுக்காரர் வெளிநாட்டில் என்றால் பவர் பத்திர நகல் கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை, மரியாதையாகக் கேட்டால் போதும்.

டோக்கன் அட்வான்ஸ் கொடுப்பதாக இருந்தால் ஒரு மாத வாடகைக்குள் நிறுத்துங்கள். வங்கி வழியாகவோ யு.பி.ஐ. வழியாகவோ அனுப்பி, குறிப்பில் 'வீட்டு அட்வான்ஸ்' என்று எழுதுங்கள். எந்தத் தேதிக்குள் அக்ரிமென்ட், அதற்குள் இரண்டு பக்கத்தில் யார் பின்வாங்கினால் டோக்கன் என்ன ஆகும் என்பதை வாட்ஸ்அப்பில் ஒரு வரியாவது அனுப்பி "சரி" என்று பதில் வாங்கிவிடுங்கள்.

ஆதார் நகல் கேட்பார்கள். முதல் எட்டு எண்கள் மறைந்த ஆதாரை இணையத்தில் எடுக்கலாம், அதையே கொடுங்கள். நகலின் மேல் 'வாடகை ஒப்பந்தத்துக்கு மட்டும்' என்று எழுதித் தேதி போடுங்கள்.

அக்ரிமென்ட்டில் என்ன இருக்க வேண்டும்

தமிழ்நாட்டில் வாடகைக்கான 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. எழுத்து ஒப்பந்தம் கட்டாயம். அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், அதற்கென்று அரசு இணையதளமும் உண்டு. பதிந்தால் ஒரு பதிவு எண் கிடைக்கும். நடைமுறையில் பலரும் பதினொரு மாதத் தாள் ஒன்றை டைப் அடித்துக் கையெழுத்துப் போட்டு நிறுத்திவிடுகிறார்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்குச் சார்பதிவாளர் பதிவு வேண்டும் என்பதைத் தவிர்க்கத்தான் அந்தப் பதினொரு மாதம். ஆனால் 2017 சட்டத்தின் பதிவுக்கு அந்தக் கணக்கு செல்லாது. பிறகு வழக்கு, வாக்குவாதம் என்று வந்தால் பதிவு எண் இருப்பவருக்குத்தான் பலம். ஆகவே அதைக் கேளுங்கள்.

மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது, ஆனால் ஒப்பந்தத்தில் வேறுவிதமாக ஒப்புக்கொண்டிருந்தால் செல்லும் என்ற வாசலையும் திறந்து வைத்திருக்கிறது. கோவையில் ஐந்து, சில இடங்களில் பத்து மாதம் வரை கேட்பது அந்த வாசல் வழியாகத்தான். மூன்றிலிருந்து பேசத் தொடங்குங்கள்.

ஒப்பந்தத்தில் எண்ணோடு எழுத வேண்டியவை:

- வாடகை, எந்தத் தேதிக்குள், எந்தக் கணக்குக்கு. மெயின்டனன்ஸ் எவ்வளவு, அதில் லிஃப்ட், வாட்ச்மேன், பொது மின்சாரம், தண்ணீர், குப்பை எவையெல்லாம் அடக்கம்.
- ஆண்டு உயர்வு எத்தனை சதவீதம். '5 சதவீதம்' என்று எழுதாமல் 'நடைமுறைப்படி' என்று எழுதினால் அடுத்த வருடம் நடைமுறை 10 ஆகிவிடும்.
- காலி செய்ய இரண்டு பக்கத்துக்கும் எத்தனை மாத நோட்டீஸ். உங்களுக்கு இரண்டு மாதம், அவருக்கு ஒரு மாதம் என்று இருந்தால் சமப்படுத்துங்கள்.
- பெயின்ட். காலி செய்யும்போது ஒரு மாத வாடகையைப் பெயின்ட்டுக்குப் பிடிப்பது பல இடங்களில் வழக்கம். ஒப்பந்தத்தில் வேறுவிதமாக இல்லாவிட்டால் வெள்ளையடிப்பும் கதவு ஜன்னல் பெயின்ட்டும் வீட்டுக்காரர் பொறுப்பு என்றே சட்டத்தின் அட்டவணை வைக்கிறது. அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால், இரண்டு வருடத்துக்குள் காலி செய்தால் மட்டும் பாதி என்பது போல ஒரு நடுவழிக்கு வாருங்கள்.
- ரிப்பேர். அட்டவணைப்படி உள்ளே வெளியே உள்ள ஒயரிங், குழாய் மாற்றுவது, கட்டடப் பழுது அவருடையது. குழாய் வாஷர், சுவிட்ச், பிளக் பாயின்ட், கீசர் பழுது, கதவுப் பூட்டு, கொசுவலை, ஜன்னல் கண்ணாடி உங்களுடையவை.
- சாமான் பட்டியல். ஃபேன் எத்தனை, டியூப்லைட் எத்தனை, கீசர், அலமாரி, சாவி எத்தனை ஜோடி.

காலி செய்த ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸ் திரும்ப வர வேண்டும் என்பது சட்டம். "அடுத்த ஆள் வந்து அட்வான்ஸ் குடுத்ததும் தர்றேனுங்க" என்ற வாய்ப்பேச்சு ஒப்பந்தத்துக்குள் நுழையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதே சட்டப்படி, வீட்டைப் பார்க்க வர 24 மணி நேரம் முன்னால் சொல்ல வேண்டும்; வாடகைத் தகராறு என்று தண்ணீரையும் கரண்ட்டையும் நிறுத்தவும் கூடாது.

ரசீது மாதாமாதம் வாங்குங்கள். ரொக்கமாக 5,000-க்கு மேல் கொடுத்தால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டியிருக்க வேண்டும். வருமான வரியில் வீட்டு வாடகைப் படியைக் கழிக்கிறவர்களுக்கு, ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டுக்காரரின் பான் எண் தேவை. 12,000 ரூபாய் வீடு 1,44,000 ஆகிறது. மார்ச்சில் போய்க் கேட்டால் முகம் சுளிப்பார்கள், அக்ரிமென்ட்டிலேயே எழுதிவிடுங்கள்.

போக்கியத்துக்குப் போகலாமா

ஐந்து லட்சம், எட்டு லட்சம் என்று மொத்தமாகக் கொடுத்து வாடகையில்லாமல் இருக்கும் போக்கியம் அல்லது லீஸ் முறை கவர்ச்சியாகத் தெரியும். முதல் வீட்டுக்கு எங்கள் பதில் வேண்டாம் என்பதுதான். கட்டாயம் என்றால், பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். வங்கியில் பத்திரத்தை அடகு வைத்துப் பதிந்திருந்தால் அந்தப் பதிவு அதில் வரும். கடன் உள்ள வீட்டை வங்கி கைப்பற்ற வந்தால், பதியாத போக்கியத் தாளை வைத்துக்கொண்டு பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து தரச் சம்மதிக்காத வீட்டில் போக்கியப் பணம் போடாதீர்கள்.

குடிபோகும் நாள்

சாமான் வருவதற்கு முன்னால் காலி வீட்டை வாசலிலிருந்து தொடங்கி ஒரே வீடியோவாக எடுங்கள். சுவரில் உள்ள ஆணி ஓட்டை, டைல்ஸ் விரிசல், சிங்க் கறை, கதவுக் கீறல் எல்லாம் விழட்டும். கடைசியில் மீட்டர் ரீடிங். அன்றே வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். தேதி அதிலேயே பதிவாகிவிடும். ஈ.பி. ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுப்பதால் நீங்கள் நடுவில்தான் குடிபோவீர்கள். அதுவரை ஓடிய யூனிட் யாருடையது என்பதை அந்தப் படம்தான் பிரித்துக்காட்டும்.

இரண்டு அறை வீட்டுச் சாமானுக்குக் குட்டி யானை ஒரு நடை, பீரோவும் கட்டிலும் இருந்தால் இரண்டு நடை. கூலி பேசும்போது எத்தனையாவது மாடி, லிஃப்டில் சாமான் ஏற்ற விடுவார்களா என்பதைச் சேர்த்துப் பேசுங்கள், இல்லையென்றால் பாதிப் படியில் பீரோவை இறக்கி வைத்துவிட்டுப் பேரம் நடக்கும். மாடிப்படித் திருப்பத்தின் அகலத்தை முந்தைய நாளே டேப்பில் அளந்துவிடுங்கள். ஃபிரிட்ஜைப் படுக்க வைத்து ஏற்றினால் நிமிர்த்தி வைத்து நான்கு மணி நேரம் கழித்துத்தான் ஆன் செய்ய வேண்டும்; கம்ப்ரஸர் ஆயில் குழாய்க்குள் போயிருக்கும்.

விடியற்காலையில் பால் காய்ச்சுவதாக இருந்தால் அடுப்பு, சிலிண்டர், டியூப் முந்தைய நாள் மாலையே அங்கே இருக்கட்டும். ரப்பர் டியூப்பின் மேல் காலாவதி ஆண்டு அச்சிட்டிருக்கும், பழையதை மாற்றுங்கள். இணைப்பில் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்த பிறகு பற்றவையுங்கள். கேஸ் இணைப்பே இன்னும் இல்லாதவர்களுக்கு அடையாள அட்டை காட்டி வாங்கும் 5 கிலோ சிலிண்டர் உண்டு. இண்டக்ஷன் அடுப்பில் பொங்கினாலும் பால் பால்தான்.

முதல் வாரத்துக்குள்

வாசல் பூட்டின் சிலிண்டரை மாற்றுங்கள். பழைய சாவி எத்தனை பேரிடம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கழற்றியதைப் பத்திரமாக வைத்திருந்து காலி செய்யும்போது திரும்பப் போட்டுக்கொடுங்கள்.

ஈ.பி. சர்வீஸ் எண்ணோடு உங்கள் கைபேசி எண்ணையும் சேர்த்தால் பில் தொகை குறுஞ்செய்தியில் வரும். வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். கரண்ட் போனால் கூப்பிட, மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. மாதாந்திரப் பராமரிப்புக்குப் பகல் முழுக்க மின்தடை இருக்கும் நாளை முன்கூட்டியே அறிவிப்பார்கள். அந்த நாளுக்கு முதல் இரவே தொட்டி நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். மோட்டார் ஓடாமல் தண்ணீர் ஏறாது.

ஊருக்குள்ளேயே மாறியிருந்தால் கேஸ் ஏஜென்சியில் முகவரி மாற்றம் போதும். வேறு ஊரிலிருந்து வந்திருந்தால் பழைய ஏஜென்சியில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து, டெபாசிட் தொகையையும் மாற்றுச் சீட்டையும் வாங்கி வந்திருக்க வேண்டும். ஓட்டர் பட்டியலில் முகவரி மாற்றப் படிவம் 8. ஆதார் முகவரிக்கு வாடகை ஒப்பந்தத்தை ஆவணமாகக் கொடுக்கலாம், அங்கேயும் பதிந்த ஒப்பந்தம் வேலையை எளிதாக்கும்.

குடிபோன பிறகு வந்த முதல் நல்ல மழையில் ஜன்னல் ஓரம், கூரை மூலை, பால்கனி வடிகால் மூன்றையும் பாருங்கள். ஐப்பசி மழைக்கு முன் சொன்னால் சரிசெய்வார்கள். பிறகு சொன்னால் "மழை விடட்டுமுங்க" என்று தை வரை போகும். எந்தக் குறையையும் போனில் சொன்ன கையோடு படத்தோடு எழுதியும் அனுப்பிவிடுங்கள்.

காலி செய்யும்போது

நோட்டீஸை எழுத்தில் கொடுங்கள். கடைசி மாத வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்வதா என்பதை அப்போதே பேசி முடியுங்கள். சாமானை இறக்கிய பிறகு, பகல் வெளிச்சத்தில், வீட்டுக்காரரோடு சேர்ந்து முதல் நாள் வீடியோவைப் பார்த்தபடியே ஒவ்வொரு அறையாகச் சுற்றுங்கள். மீட்டரைப் படமெடுத்து, கடைசி ரீடிங்கிலிருந்து ஓடிய யூனிட்டுக்குத் தொகை கணக்கிட்டு அன்றே கொடுத்துவிடுங்கள். எதற்கு எவ்வளவு பிடிக்கிறார், மீதி எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்ட பிறகு சாவியைக் கொடுங்கள். ஒரு மாதம் கடந்தும் வரவில்லையென்றால் முதலில் எழுத்தில் ஒரு நினைவூட்டல், அதற்கும் அசையாவிட்டால் பதிவு எண்ணோடு 2017 சட்டப்படி மனு.